பழுதுக்கு விலை வைத்தோம்

வைக்காதீர்கள். இதுதான் என் பதில். அவசரமாக இருப்பவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

போன மாதம் ராமநாதபுரத்தில் எங்கள் கட்டற்ற மென்பொருள் வட்டம் கூடியபோது, பவுண்டி வைக்கலாமா கூடாதா என்று பெரிய விவாதம். பவுண்டி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாலைந்து பேர் பொழுதுபோக்காக, காசு வாங்காமல் ஒரு மென்பொருள் செய்து, அதன் நிரலை ஊருக்கே திறந்து வைத்திருப்பார்கள். அதில் தீராத பழுதுகள் சில கிடக்கும். யாராவது வந்து, இந்தப் பழுதைத் தீர்ப்பவருக்கு இவ்வளவு தருகிறேன் என்று விலை வைப்பார். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எவரும் அதைத் தீர்த்துக் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான் பவுண்டி. பேசியவர்களில் பாதிப் பேர் அதை நியாயம் என்றார்கள், மீதிப் பேர் அநியாயம் என்றார்கள். வைத்துப் பார்த்தவர் ஒருவரும் பேசவில்லை. வைத்துப் பார்த்த நான் பின்வரிசையில் மிக்சர் தின்றுகொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். கத்தியதை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். அலங்காரம் எனக்கு வராது.

நான் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடும் குடும்பம். பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் விடுதியில் இருந்தோம், சாம்பாரில் உப்பு இருக்காது, தேர்வு எழுதினோம், திரும்பி வந்தோம். கற்றுக்கொண்டதெல்லாம் ராமேஸ்வரம் தீவில்தான். தீவில் தொலைபேசிக்கு முதல் எதிரி உப்பு. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் செம்புக் கம்பியின் இணைப்பு ஒவ்வொன்றும் பச்சை பிடித்துக்கொண்டே இருக்கும்.

அங்கே எனக்கு மேலதிகாரி தங்கவேலு சார். குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இருவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் நாற்காலியை இழுத்து என் சோதனை மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வார். லைன்மேன் கம்பத்தடியில் இருந்து கூப்பிட்டு, "சரியாயிருச்சு மேடம்" என்பார். நான் புகாரை முடிக்கக் கை வைப்பேன். சார் தலையை மட்டும் ஆட்டுவார். முடிக்கக்கூடாது. புகார் கொடுத்தவர் வீட்டுக்கு நான் கூப்பிட வேண்டும். அவர் "ஹலோ" என்றால் போதாது. நாலு வார்த்தை பேசவைக்க வேண்டும். உப்புப் பிடித்த இணைப்பில் மணி அடிக்கும், ஹலோ கேட்கும், பேச ஆரம்பித்ததும் கரகரவென்று போய்விடும். அதோடும் விட மாட்டார். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழுந்த பிறகு இன்னொரு தடவை கூப்பிட வேண்டும். காலையில் காய்ந்திருந்த இணைப்பு அந்த ஈரக்காற்றில்தான் காலை வாரும்.

"சார், ஒரு பழுதுக்கு ரெண்டு தடவையா? ஊர்ல இருக்க பழுதெல்லாம் என்னைக்கு முடிக்கிறது?" என்று சண்டை போட்டேன்.

"முடிக்கத்தானம்மா ரெண்டு தடவை. ஒரு தடவை கூப்பிட்டா நாளைக்கு மறுபடி அவர்தான் கூப்பிடுவாரு" என்றார்.

நம்மால் திருப்பிப் பதில் சொல்ல முடியாத மனிதரோடு வேலை பார்ப்பது பெரிய எரிச்சல். ஆனால் தீவின் இணைப்புகள் அவர் காலத்தில் இருந்ததைப் போல எப்போதும் இருந்ததில்லை.

அவர் மாற்றலாகிப் போன பிறகு ஒரு அதிகாரி வந்தார். பெயர் வேண்டாம். சுறுசுறுப்பானவர், கெட்டவர் இல்லை. அதிகமாகப் பழுது முடிக்கும் லைன்மேனுக்கு மாதாமாதம் பரிசு என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினோம். முதல் மாதம் பழுதுகள் மளமளவென்று முடிந்தன. அடுத்த மாதம் பார்த்தால் வீட்டுக்குள் கழன்ற கம்பி, உடைந்த முனை எல்லாம் முடிந்திருந்தது. பாம்பன் பக்கம் மண்ணுக்குள் இருந்த ஒரு கேபிள் இணைப்பு மட்டும் அப்படியே கிடந்தது. அதைத் தோண்டி எடுத்துச் சரிசெய்ய ஒரு நாள் முழுக்க ஆகும், கணக்கில் ஒன்றுதான் ஏறும். யார் தோண்டுவார்?

அதுகூடப் பரவாயில்லை. முனியசாமி என்று ஒரு லைன்மேன். தீவில் எந்த இணைப்பு எங்கே புதைந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். புதிதாக வந்த ஆள் ஒருவர் தங்கச்சிமடத்தில் அரை நாளாகத் தேடிக்கொண்டிருந்தபோது முனியசாமி அதே வழியாக சைக்கிளில் போயிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"நான் எடத்தச் சொன்னா அது அவன் கணக்குல ஏறும் மேடம்" என்றார். கூச்சமே இல்லை. பரிசு அறிவிப்பதற்கு முன்பு, யாரும் கேட்காமலே தெருவில் நின்று கத்திச் சொல்கிறவர் அவர்.

பிறகு பரிசை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. காசு வந்தபோது போனது, காசு போனதும் வந்துவிடும் என்று நினைத்தது எங்கள் முட்டாள்தனம்.

இணையம் வந்த காலத்தில் எங்கள் அலுவலகக் கணினிகளில் கட்டற்ற மென்பொருள்தான் ஓடியது. அப்படித்தான் எனக்கு அது அறிமுகம். ஓசியில் எவனாவது எதையாவது ஒழுங்காகச் செய்வானா என்ற சந்தேகத்தோடுதான் தொட்டேன். செய்கிறார்கள் என்று கண்டுகொண்டதும் விடவில்லை. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் எல்லைமணி என்ற செயலியைச் செய்தேன். இந்தக் கரையில் அதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. இலங்கைக்கும் நமக்கும் நடுவே கடலில் இருக்கும் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது. தாண்டினால் படகும் போகும், ஆளும் மாதக்கணக்கில் சிறைக்குப் போகலாம். பெரிய விசைப்படகுகளில் நல்ல கருவிகள் இருக்கின்றன. எங்களுடையது போன் மட்டும் வைத்திருக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. கடலில் சிக்னல் தேவையில்லை. கோட்டுக்குக் குறிப்பிட்ட தூரத்தில் வந்ததும் போன் மணி அடிக்கும்.

என்னோடு இரண்டு பேர். ஒருவன் நிஜாம். கீழக்கரைக்காரன், வளைகுடாவில் நல்ல வேலை. வரைபட வேலை முழுக்க அவன் செய்தது. இன்னொருவர் சகாயம். தங்கச்சிமடம். பாம்பனில் படகுகளுக்கான ஜிபிஎஸ், வயர்லெஸ் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஒரு வரி நிரல் எழுதத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன் என்பார். ஆனால் புதிதாக எதைச் செய்தாலும், ஊருக்குக் கொடுப்பதற்கு முன்னால், தன் தங்கச்சி மாப்பிள்ளை ஆரோக்கியத்தின் படகில் ஏறி ஒரு நாள் முழுக்கக் கடலில் அதைப் பார்ப்பார். திரும்பி வந்து எனக்குப் போன் போடுவார். திட்டுவார்.

"மேடம், என்னத்த எழுதியிருக்கீக? எழுத்து எறும்பு கணக்கா இருக்கு. வெயில்ல ஒரு மயிரும் தெரியல."

பொறுத்துக்கொள்வேன். திட்டில் ஒன்றுகூட வீணாக இருக்காது. அவர் கடலுக்குப் போய் வந்தால்தான் வெளியீடு. எங்கும் எழுதி வைக்கவில்லை, எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

செயலியில் ஒரே ஒரு பெரிய பழுது நெடுநாளாகக் கிடந்தது. கோட்டுக்கு வெகு முன்னாலேயே, ஆனால் மணி அடிக்கும் தூரத்தின் ஓரத்தில், சில படகுகள் நங்கூரம் போட்டு நிற்கும். போனில் காட்டும் இடம் கொஞ்சம் முன்னே பின்னே ஆடும். படகு நின்றிருக்கும், மணி மட்டும் அடித்து அடித்து ஓயும். எரிச்சலில் செயலியையே அணைத்துவிடுவார்கள். அணைத்த செயலியால் என்ன பிரயோசனம்? நானும் பலவிதமாக முயன்று விட்டுவிட்டேன்.

நிஜாம் ஒரு நாள் வீடியோவில் வந்தான். "அக்கா, இது எத்தன காலமா கெடக்கு? நாம மூணு பேரும் சும்மா ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கோம். நான் பவுண்டி போடுறேன். என் சொந்தக் காசு. ஹலாலான காசுதான், பயப்படாதீங்க."

"சகாயத்தக் கேளு" என்றேன்.

"கேக்குறேன்க்கா."

கேட்கவில்லை. போட்டுவிட்டான். சகாயத்துக்கு அது யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

பவுண்டி வைத்த வேகத்தில் ஒரு ஆள் வந்தார். புனைபெயர்தான். எந்த நாடு என்றுகூடத் தெரியாது. இரண்டே நாளில் திருத்தத்தை அனுப்பினார். நான் படித்தேன். மணி மணியான நிரல். சோதனைகளும் எழுதி இணைத்திருந்தார், அத்தனையும் தேறின. ஆனால் நான் படித்தது போதாது என்று எனக்கே தெரியும். வழக்கப்படி சகாயத்தைக் கூப்பிட்டேன்.

"கடலுக்குப் போய்ப் பாத்துட்டு வாங்க சகாயம்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? புதுசு வந்திருக்கு."

"யாரு காசு வாங்குறானோ அவனப் போகச் சொல்லுங்க மேடம். நமக்கு இங்கன கடையில வேலை கெடக்கு."

வைத்துவிட்டார். எனக்கு முனியசாமியின் சைக்கிள் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதே ஆத்திரம்தான் வந்தது. சகாயம் மேல் இல்லை. காசு வந்து நடுவில் உட்கார்ந்த விதத்தின் மேல்.

நிஜாமிடம் சொன்னேன்: பொறு, அவர் கோபம் ஆறட்டும், கடல் பார்க்காமல் வெளியே விடாதே. சொல்லிவிட்டு ஊரில் குலசாமி கும்பிடப் போனேன். அங்கே சிக்னல் கிடையாது. அந்தப் புனைபெயர்க்காரர் நிஜாமுக்குத் தினமும் எழுதியிருக்கிறார்: வேலை முடிந்துவிட்டது, எப்போது ஏற்பீர்கள், பணம் எப்போது? மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். நிஜாமுக்கு ஒருவன் உழைப்பை நிறுத்தி வைத்திருக்கிறோமே என்று உறுத்தல். உழைத்தவன் வேர்வை காய்வதற்குள் கூலி கொடுக்க வேண்டும் என்று வளர்ந்தவன். கொடுத்தான். கொடுத்ததும், ஏற்றுக்கொண்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வெளியிட்டும் விட்டான். நல்லவன் செய்த தப்புக்கு மருந்தே கிடையாது.

நான் ஊரில் இருந்து வந்த மறுநாள் சகாயம் என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார். தங்கச்சிமடத்தில் இருந்து ராமநாதபுரம் வரை அந்த வெயிலில் வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஆரோக்கியத்தின் போனை மேசையில் போட்டார்.

"ஒங்க மணி அடிக்கல."

"என்ன ஆச்சு?"

"ஆரோக்கியம் வலைய விட்டுட்டு எஞ்சின அமத்திட்டு இருந்திருக்கான். கூட மூணு பேரு. மணி அடிக்கலேல்ல, கோடு தூரமா இருக்குன்னு நம்பி கஞ்சி குடிச்சிக்கிட்டு இருந்திருக்கானுக. பாம்பன் படகுக்காரன் ஒருத்தன் துண்ட வீசிக் கத்தியிருக்கான். அவன் கருவியில பாத்தா, கோடு இந்தா, எட்டித் தொட்டுர்ற மாதிரி. வலைய அறுத்துப் போட்டுட்டு ஓடியாந்திருக்கானுக."

"ஆளுக?"

"வந்துட்டானுக. தங்கச்சி நேத்து பூராம் அழுதுக்கிட்டே கெடக்கா. நீங்களும் நானும் சொல்லித்தானே மேடம் அவன் அதப் போன்ல போட்டான்?"

முதலில் பழைய பதிப்பை எல்லோருக்கும் மறுபடி வெளியிட்டேன், அடித்து ஓயும் அந்தப் பழைய மணியோடு. சகாயம் அது முடியும் வரை நின்று பார்த்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

அப்புறம் திருத்தத்தை வரி வரியாகப் படித்தேன். இருந்தது. மணி மணியான நிரலில் ஒரே ஒரு வரி: படகு மிக மெதுவாக நகர்ந்தால் அது நங்கூரத்தில் நிற்கிறது என்று எடுத்துக்கொள், மணியை அடக்கு. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்கு இது சரியாகத்தான் தோன்றும். நாங்கள் எழுதி வைத்த பழுது விவரமும் அப்படித்தான் சொன்னது: நிற்கும் படகில் மணி அடிக்கிறது. ஆனால் இங்கே நாட்டுப்படகில் வழிவலை விடுகிறவர்கள் வலையை விரித்துவிட்டு எஞ்சினை அமர்த்தி, வலையையும் படகையும் நீவாட்டோடு, அதாவது கடலின் நீரோட்டத்தோடு, விட்டுவிடுவார்கள். படகு போவது படகில் இருப்பவனுக்கே தெரியாது. நடந்து போகிறவனைவிட மெதுவாக, ஆனால் போய்க்கொண்டே இருக்கும். அன்று நீவாடு கோட்டுப் பக்கம் ஓடியிருக்கிறது. எந்த நேரத்தில் மணி கட்டாயம் அடிக்க வேண்டுமோ, அந்த நேரம் பார்த்து நாங்கள் காசு கொடுத்து அதன் வாயைக் கட்டியிருந்தோம். சகாயம் ஒரு நாள் படகில் போயிருந்தால், மத்தியானத்துக்குள் திட்டு வந்திருக்கும்.

புனைபெயர்க்காரருக்கு எழுதினேன். காரமாகத்தான் எழுதினேன். அவர் பதில் மரியாதையாக வந்தது: நீங்கள் கேட்டதைச் செய்து கொடுத்தேன், மிதந்து போகும் படகைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை, அது வேண்டுமானால் தனியாக ஒரு பவுண்டி வையுங்கள். படித்துவிட்டு அரை மணி நேரம் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அவர் சொன்னது நியாயம். அதுதான் கோபம். அவர் ஏமாற்றவில்லை. விலை வைத்தோம், விலைக்கு உரியதைத் தந்தார், போய்விட்டார். மறுநாள் ஆரோக்கியத்தின் படகு எங்கே இருக்கிறது என்பது அவர் கணக்கில் இல்லை.

நிஜாம் அடித்துப்பிடித்து விடுமுறை போட்டுக்கொண்டு வந்தான். என் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். சகாயம் நான் கெஞ்சியதால் வந்தார். நிஜாம் அழுதான். பிறகு செய்ததுதான் பெரிய கூத்து.

"வலைக்கு ஆன காச ஆரோக்கியம் அண்ணனுக்குக் குடுத்துர்றேன். அப்புறம் சகாயண்ணே, இனிமே ஒவ்வொரு தடவையும் நீங்க கடலுக்குப் போய்ப் பாத்துச் சொல்றதுக்கு ஒரு தொகை போட்டுத் தாரேன். அதுதான் முறை."

சகாயம் எழுந்துவிட்டார். "ஏலே, ஒனக்கு இன்னும் புரியலையா? வலைக்குக் குடு, அவன் வாங்கிக்குவான், வலை போச்சுல்ல. டீசலுக்குக் குடு, நானே வாங்கிக்கிறேன். பாத்துச் சொல்றதுக்கு நீ காசு குடுத்தேன்னு வையி, ஒரு நாள் பாக்காமயே சொல்லிருவேன்டா."

நிஜாம் என்னைப் பார்த்தான்.

"என்னய ஏன் பாக்குற? நான் முதல்லயே அவரக் கேளுன்னுதான் சொன்னேன்" என்றேன்.

சகாயம் அன்றைக்குச் சரி என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆரோக்கியம் அத போன்ல இருந்தே தூக்கிட்டான். நான் சொன்னாலும் போட மாட்டான்" என்றார்.

காசு வாங்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஓய்வு பெறும் நாள் வரை சம்பளம் வாங்கியவள், இப்போதும் ஓய்வூதியம் ஒரு நாள் தாமதமானால் வங்கியில் போய்ச் சண்டை போடுகிறவள். உங்கள் திட்டத்திலும், புதுப் போனுக்கு ஏற்றபடி மாற்றுவது, படம் வரைவது என்று, எங்கிருந்து பார்த்தாலும் சரியா தப்பா என்று தெரிகிற வேலைகள் இருக்கும். அதற்கு விலை வையுங்கள், எனக்கென்ன. பயன்படுத்துகிறவன் வாழ்க்கைக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்கிற வேலைக்கு வைக்காதீர்கள். பாசத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்று பேரில் ஒருவரைக் கேட்காமல் எதற்குமே வைக்காதீர்கள். ஆயிரம் வரி நிரல் எழுதுகிறவன் கிடைப்பான். சும்மா வந்து திட்டுகிறவன் கிடைக்க மாட்டான்.

அதற்குப் பிறகு நானும் நிஜாமும் உட்கார்ந்து அந்தப் பழுதை நாங்களே தீர்த்தோம். வேகத்தைப் பார்ப்பதை விட்டோம். நங்கூரம் போட்ட படகு கயிற்றின் நீளத்துக்குள்தான் சுற்றும், நீவாட்டில் போகும் படகு அந்த வட்டத்தை விட்டு வெளியேறும். அந்த வட்டத்தைப் பார்த்தால் போதும். கயிறு எவ்வளவு விடுவார்கள் என்று சகாயத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது. ஆழத்தைப் பொறுத்து இவ்வளவு, காற்றடித்தால் இவ்வளவு. அதன் கீழே, "நாளைக்குக் காலைல பாம்பனுக்கு வாங்க. ஆரோக்கியம் படகுதான். நீங்களும் ஏறணும்."

ஏறினோம். கரை தெரிகிற தூரத்தில் ஒரு பொய் எல்லைக்கோட்டைச் செயலியில் போட்டு வைத்திருந்தோம். ஆரோக்கியம் என்னோடும் நிஜாமோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் நங்கூரம் போட்டார். படகு ஆடியது, மணி அடிக்கவில்லை. நிஜாம் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

"ஏலே நிஜாமு, ஒங்க வாப்பா வழி பூராம் கப்பல்ல போய் யாவாரம் பண்ணவுகன்னு சொன்னியே, எந்தக் கப்பல்ல? மெளகாக் காட்டுல இருந்து வந்த மேடம் கல்லு மாதிரி ஒக்காந்திருக்காக பாரு" என்றார் சகாயம். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

நங்கூரத்தைத் தூக்கினார்கள். வலையை விரித்து எஞ்சினை அமர்த்தினார்கள். சத்தமே இல்லை. சகாயம் போனைப் பலகையில் வைத்தார். நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். படகு நகர்கிற மாதிரியே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்து சகாயத்தைப் பார்த்தேன். அவர் பதிலுக்குக் கரையைக் காட்டினார். தென்னைமரங்கள் இடம் மாறியிருந்தன.

மணி அடித்தது.

அந்த அமைதியில் அது காதைக் கிழித்தது. ஆரோக்கியம் திடுக்கிட்டு, "அமத்துங்க, மீனெல்லாம் ஓடிரும்" என்றார்.

யாரும் அமர்த்தவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. சகாயம் காதைப் பொத்தாமல் முழுக்கக் கேட்டார். "கழுத கத்துற மாதிரி இருக்கு மேடம். இதவிட நல்ல சத்தமே ஒங்களுக்குக் கெடைக்கலையா? அந்தப் பொத்தானையும் பெருசாக்குங்க, ஈரக் கையில அமுங்க மாட்டேங்குது."

"மாத்துறேன்" என்றேன். வேறு என்ன சொல்வது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆரோக்கியம் சட்டைப் பையில் இருந்து தன் போனை எடுத்தார். தண்ணீர் படாமல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"கழுத மாதிரியே கத்தட்டும். இதுலயும் ஏத்திக் குடுங்க."